பைய வளரட்டும்: பெரிய ரக நாய்க்குட்டியை ஆளாக்குகிற விதம்

அங்கன்வாடியில் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு எடை பார்த்தவள் நான். மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பேன். புள்ளி பச்சையிலிருந்து கீழே இறங்கினால் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க" என்று கேட்டுக் கேட்டே என் வாய் வலித்திருக்கிறது. அந்தப் பழக்கம்தான் என் முதல் நாயைக் கெடுத்தது.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளை, அதாவது தோட்டம். மகன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போன வருஷம், நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கிறோம் என்று ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு ஆண்குட்டியை வாங்கி விட்டுவிட்டுப் போனான். எங்கள் பக்கம் இன்றைக்கும் அல்சேஷன் என்றால்தான் ஆட்களுக்குப் புரியும். டைகர் என்று பேர் வைத்தோம். காலையில் பாலும் முட்டையும், மத்தியானம் மாட்டிறைச்சியும் சோறும், ராத்திரி மறுபடியும் அதே. நாலு மாதத்தில் ஒரு காது நின்றது, மற்றது படுத்தது. "காது நிக்கணும்னா கால்சியம் குடுக்கணும் டீச்சரே" என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தினமும் இரண்டு மூடி கால்சியம் டானிக் ஊற்றினேன். பார்க்கிறவர்கள் எல்லாம் குட்டி கொழுகொழுவென்று இருக்கிறது என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

எட்டாம் மாதம் பின்காலை இழுத்து நடந்தான். நாகர்கோவிலில் எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்பு மூட்டின் கிண்ணத்தில் தொடை எலும்பின் உருண்டை சரியாக உட்காரவில்லை. இது பாதி பரம்பரையாக வருவது, மீதியை வளர்ப்பு தீர்மானிக்கும் என்று டாக்டர் விளக்கினார். அப்புறம் என் வேலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "எடை குறைஞ்ச பிள்ளைகளைப் பார்த்துப் பழகிட்டீங்க. பெரிய நாய்க்குட்டிக்குக் கணக்கு நேர்மாறு" என்றார். டைகர் ஒன்பது வருஷம் இருந்தான், அதில் எட்டு வருஷம் நொண்டிக்கொண்டு.

இப்போது இருக்கிறவள் அம்மிணி. அவளும் அல்சேஷன்தான். டைகரிடம் படித்த பாடத்தை இவளிடம் எழுதிப் பார்த்தேன். பெரிய நாய் வளர்க்கப் போகிறவர்களுக்காக அதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மூன்று கிலோவில் பிறக்கிற பிள்ளை அறுபது கிலோ ஆக பதினெட்டு வருஷம் எடுக்கும், அதாவது இருபது மடங்கு. அரைக்கிலோவில் பிறக்கிற அல்சேஷன் குட்டி முப்பது கிலோ ஆவது ஒன்றரை வருஷத்துக்குள், அறுபது மடங்கு. அவ்வளவு வேகத்தில் போகிற வண்டியில் நாம் காலை வைத்து இன்னும் முடுக்கக் கூடாது. பொமரேனியன் மாதிரி சின்ன ரகம் எட்டு, பத்து மாதத்தில் வளர்ந்து முடித்துவிடும். லாப்ரடார், அல்சேஷன் வகைக்கு ஒரு வருஷத்தில் இருந்து ஒன்றரை வருஷம். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்டு மாதிரி ராட்சத ரகங்களுக்கு ஒன்றரையில் இருந்து இரண்டு வருஷம். இதெல்லாம் எலும்பின் கணக்கு மட்டும். புத்தி வருவதற்கு இன்னும் நாளாகும், அதைப் பிறகு சொல்கிறேன்.

கால் எலும்பு ஒவ்வொன்றின் முனைப்பக்கத்திலும் குருத்தெலும்பால் ஆன ஒரு தகடு இருக்கும். வளர்ச்சி நடப்பது அங்கேதான். இளநீர் வழுக்கை முற்றித் தேங்காய் ஆகிற மாதிரி அது பைய முற்றி, எலும்பாகி, மூடிக்கொள்ளும். மூடுகிற வரைக்கும் உடம்பிலேயே மெலிந்த இடம் அதுதான். அதன்மேல் அதிக பாரம் ஏற்றினாலும், ஓட்டி அடித்தாலும், கால்சியத்தை அளவில்லாமல் கொட்டினாலும் எலும்பு கோணிப்போகும். வளர்ந்த நாய்க்கு வேண்டாத கால்சியத்தைக் குடல் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தத் தடுப்பு இன்னும் சரியாக அமையவில்லை. கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். டைகருக்கு நான் ஊற்றிய டானிக் எங்கே போயிருக்கும் என்று இப்போது புரிகிறது.

காது விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அல்சேஷனுக்குக் காது மூன்றில் இருந்து ஐந்து மாதத்துக்குள் நிற்கத் தொடங்கும். நாலாம் மாதம் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கிற நேரத்தில் நின்ற காதும் மறுபடி விழும். ஆறு, ஏழு மாதத்தில் பல் எல்லாம் வந்து முடியும்போது பெரும்பாலும் தானே எழுந்துவிடும். அம்மிணிக்கு இடது காது மூன்று வாரம் படுத்தே கிடந்தது. பக்கத்து விளைப் பாட்டா தினமும் வந்து பார்த்துவிட்டு, "பட்டிக்கு மருந்து குடுத்தியா பிள்ளே" என்பார். எங்கள் பக்கம் நாயைப் பட்டி என்போம். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. ஆறாம் மாதம் முடியும்போது இரண்டும் நின்றன. பாட்டா அதற்குப் பிறகு காதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

சாப்பாடு

குட்டியை எட்டு வாரத்துக்கு முன்னால் வாங்காதீர்கள். 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி அதற்கு முன்னால் விற்கவும் கூடாது. முப்பது நாளில் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு வந்து சந்தை விலை பேசுகிறவர்கள் இப்போதும் உண்டு. தாய் தகப்பன் இரண்டின் நடையையும் பாருங்கள். இடுப்பை ஆட்டி ஆட்டி நடக்கிற தாயின் குட்டி வேண்டாம்.

அம்மிணிக்கு முக்கியச் சாப்பாடு கம்பெனித் தீவனம்தான். மூட்டையில் பெரிய ரகக் குட்டிக்கு என்று போட்டிருக்க வேண்டும். வெறும் குட்டித் தீவனம் என்றால் சத்து கூடுதலாக இருக்கலாம். பின்பக்கம் கால்சியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். முழு வளர்ச்சியில் சுமார் 32 கிலோவும் அதற்கு மேலும் வரக்கூடிய குட்டிகளுக்கு அமெரிக்கத் தர விதி வைத்திருக்கிற உச்சவரம்பு, ஈரம் நீக்கிய தீவனத்தில் 1.8 சதவீதம். நான் ஒன்றரைக்குள் இருப்பதாகப் பார்த்து வாங்கினேன். அந்தத் தீவனம் போட்டால் அதற்குமேல் டானிக், மாத்திரை, எலும்புத் தூள் எதுவும் வேண்டாம்.

தீவனம் விலை அதிகம், வீட்டுச் சாப்பாடுதான் போட முடியும் என்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் முக்கால்வாசிப்பேர் அப்படித்தான். அவர்களுக்கு நான் கால்சியமே கொடுக்காதே என்று சொன்னால் அது இன்னொரு தப்பு. எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கொஞ்சம். சோறும் இறைச்சியும் மட்டும் தின்கிற குட்டியின் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். கால் வில் மாதிரி வளையும். அதனால் வீட்டுச் சாப்பாடு போடுகிற குட்டிக்குக் கால்சியம் வேண்டும், ஆனால் எடைக்குத் தக்க அளவை மாட்டாஸ்பத்திரி டாக்டர் எழுதித் தர வேண்டும். மூடிக் கணக்கில் நாமாக ஊற்றக் கூடாது.

மீன்காரர் சைக்கிளில் சாளை கொண்டுவருகிற நாளில் அம்மிணிக்கும் நாலு மீன் உண்டு. உப்பு, மிளகாய் போடாமல் அவித்து, நடுமுள் எடுத்துக் கொடுப்பேன். முட்டையும் அப்படித்தான், வாரம் இரண்டு. இந்த மாதிரிக் கூடுதல் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது. மரச்சீனிக் கிழங்கு கொடுப்பதானால் தோலுரித்து, நன்றாக அவித்து, தண்ணீரை வடித்துவிட்டு ஒரு துண்டு. பச்சைக் கிழங்கிலும் தோலிலும் விஷம் உண்டு, விளையில் பிடுங்கிப் போட்ட கிழங்கைக் கடிக்க விடாதீர்கள். வேகவைத்த கோழி எலும்பு கூடாது. எனக்கு ரொம்ப நாள் சந்தேகமாக இருந்தது சத்துமாவு. பக்கத்து வீட்டுக்காரி, "உன் அங்கன்வாடியிலதானே கிடக்கு, ஒரு பாக்கெட் கரைச்சு ஊத்தேன்" என்பாள். அது பிள்ளைகளின் பங்கு. நாய்க்குட்டிக்கு அந்த வெல்லமும் தேவையில்லை.

நாலு மாதம் வரைக்கும் ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரைக்கும் மூன்று, பிறகு இரண்டு. தட்டை எப்போதும் நிரப்பி வைக்கிற பழக்கம் வேண்டாம். பத்து, பதினைந்து நிமிஷத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதற்காக ஒரே வேளையில் மொத்தத்தையும் கொட்டாமல் பிரித்துப் போடுவதும், சாப்பிட்ட கையோடு ஓட விடாததும் நல்லது. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் காத்திருக்காமல் வண்டி பிடியுங்கள்.

கையால் பார்ப்பது

எடைத் தராசைவிட எனக்கு உதவியது கை. டாக்டர் காட்டித் தந்தார். உங்கள் இடது கையை மேசைமேல் விரித்து வையுங்கள். வலதுகை விரலால் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு வரிவரியாகத் தட்டுப்படும், மேலே மெல்லிய தோல் இருக்கும். குட்டியின் விலா அப்படி இருந்தால் சரி. கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவுங்கள், அந்த மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. முஷ்டியை மடக்கி முட்டியைத் தடவுகிற மாதிரி இருந்தால் மெலிவு. மேலே இருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை சாயா குடித்துக்கொண்டே நான் இதைச் செய்துவிடுவேன். மெத்தென்று பட்டால் அடுத்த வாரம் ஒரு பிடி குறைவு.

முதலில் ஊரில் கெட்ட பேர்தான். "டீச்சர் நாயைப் பட்டினி போடுகா" என்று கடையில் பேச்சு. ஆனால் லாப்ரடார் நாய்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு ஆராய்ச்சியை டாக்டர் சொன்னார். 48 குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பாடு கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. குறைவாகத் தின்றவை கிட்டத்தட்ட 1.8 வருஷம் கூடுதலாக இருந்தன, இடுப்பு மூட்டுக் கோளாறும் அவற்றுக்குக் குறைவு. குறைவாகத் தின்றால் நாய் சிறுத்துப் போகாதா என்று நான் கேட்டேன். உயரம் எவ்வளவு வர வேண்டும் என்பது பரம்பரையில் இருக்கிறது, பைய வளர்ந்தால் அங்கே போய்ச் சேர நாலு மாதம் கூடும், அவ்வளவுதான் என்றார்.

எடைக்கு ஒரு நோட்டு போட்டேன், கை பழக்கம் விடவில்லை. சின்னதில் அவளைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி என் எடையைக் கழித்தேன். ஐந்து மாதத்துக்குமேல் என்னால் தூக்க முடியவில்லை, ரப்பர் ஷீட் எடுக்கிற கடைத் தராசில் ஏற்றினேன். எட்டு வாரத்தில் 6 கிலோ. மூன்று மாதத்தில் பத்தரை. நாலு மாதத்தில் 15, இப்போதைய எடையில் பாதி. ஆறு மாதத்தில் 21. ஒன்பதில் 26. ஒரு வருஷத்தில் 28. அதற்குப் பிறகு வருஷம் ஒன்றுக்கு மேலாகியும் இரண்டு கிலோதான் ஏறியது. ஆறு மாதம் வரைக்கும் மேட்டில் ஏறுகிற பஸ் மாதிரி, பிறகு சமதளம். உங்கள் குட்டியின் எண் வேறாக இருக்கலாம், கோட்டின் வடிவம் இப்படித்தான் இருக்க வேண்டும். டைகரின் ஆறாம் மாத எடை 31. அவன் ஆண், கூடுதல் இருக்கும்தான், ஆனால் அது இருக்கக்கூடாத கூடுதல்.

தரை, படி, ஓட்டம்

இப்போது எல்லார் வீட்டிலும் வழுவழு டைல்ஸ். குட்டி அதில் ஓடித் திரும்பும்போது நாலு காலும் நாலு பக்கம் போகும். பார்க்க வேடிக்கை, மூட்டுக்குக் கேடு. மாட்டுத் தொழுவத்துக்கு விற்கிற ரப்பர் மேட் இரண்டு வாங்கி, அவள் அதிகமாக நடக்கிற வழியில் போட்டேன். பழைய சாக்கு, தும்பு மிதியடி எது கிடைத்தாலும் போதும்.

மாடிப்படி முதல் மூன்று மாதம் கூடவே கூடாது. நார்வேயில் பெரிய ரகக் குட்டிகளைக் கவனித்ததில், அந்த வயதில் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு கூடுதலாக வந்தது. அதே ஆராய்ச்சியில் மேடுபள்ளம் உள்ள மெத்தென்ற மண்ணில் கட்டில்லாமல் தானே திரிந்த குட்டிகளுக்கு அது குறைவாக இருந்தது. ரப்பர் விளைக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? எங்கள் வீட்டுக்காரர் விடியற்காலம் ரப்பர் பால் வெட்டப் போகும்போது அம்மிணியும் கூடவே போவாள். சருகு மெத்தையில் தன் இஷ்டத்துக்கு முகர்ந்து, ஓடி, சோர்ந்தால் படுத்துக்கொள்வாள். அந்த வயதில் வேண்டிய உடற்பயிற்சி அவ்வளவுதான். சானல் (கால்வாய்) கரையில் பைக்கில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆறு மாதக் குட்டியை ஓட்டிக்கொண்டு போகிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். தார் ரோட்டில் ஓட்டுவது, ஸ்கூட்டரில் இருந்து குதிக்க வைப்பது, பந்தை உயரப்போட்டு எம்பிப் பிடிக்க வைப்பது எல்லாம் ஒன்றரை வருஷம் போகட்டும்.

ரப்பர் விளையில் ஒன்று மட்டும் கவனம். ரப்பர் பால் உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட் இருக்கிற புரைக்குள், அதாவது ஷெட்டுக்குள், குட்டியை விடாதீர்கள். அப்புறம் சிரட்டை. மரத்தில் கட்டின சிரட்டையைத் தட்டிவிட்டு, அதில் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலை மெல்லுவதில் அம்மிணிக்கு என்ன ருசியோ தெரியாது. அது குடலில் போய் அடைத்தால் ஆபரேஷன்தான். பல் முளைக்கிற நேரத்தில் அவளுக்குக் கடிக்க நனைத்துப் பிழிந்த பழைய துண்டை ஃபிரீசரில் வைத்துக் கொடுத்தேன். ஒட்டுப்பாலை மறந்தாள் என்று சொல்ல முடியாது, குறைந்தது.

மழைக்காலத்தில் இன்னும் இரண்டு. ஒன்று உண்ணி. உண்ணிக்காய்ச்சல் வந்தால் சாப்பாட்டை ஒதுக்கி, ஈறு வெளுத்து, சுருண்டு படுக்கும், ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். மாதாமாதம் உண்ணி மருந்து போடுங்கள், தினமும் காது மடல், கால்விரல் இடுக்கு பாருங்கள். மற்றது எலிக்காய்ச்சல். தேங்கின தண்ணீரில் நாய் விளையாடுகிற ஊர் இது, அதற்கான தடுப்பூசியும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மற்றத் தடுப்பூசிகள் ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி பதினாறு வாரம் வரைக்கும் இடைவெளி விட்டு, வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். பூச்சிமருந்து மூன்று மாதம் வரைக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரைக்கும் மாதம் ஒருமுறை.

ஏழாம் மாதம் அம்மிணி முன்காலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு ரத்தம் உறைந்துவிட்டது, டைகர்தான் கண்ணுக்குள் வந்தான். இரண்டு வாரத்தில் அந்தக் கால் சரியாகி மற்றக் காலில் நொண்டல். எக்ஸ்ரே எடுத்ததில் அது நீள எலும்புக்குள் வருகிற ஒரு அழற்சி. ஐந்தில் இருந்து பதினெட்டு மாதத்துக்குள் பெரிய ரகங்களுக்கு, அதிலும் அல்சேஷனுக்கு, அடிக்கடி வருவது. கால் மாறி மாறி நொண்டுவதுதான் அதன் அடையாளம், தானே ஆறிவிடும். டாக்டர் கொடுத்த வலி மருந்தும் ஓய்வும் போதுமாக இருந்தது. ஆனால் இதை நாமே முடிவு செய்யக் கூடாது. நொண்டல் இரண்டு நாளுக்குமேல் நின்றால் காட்டுங்கள். நமக்கு வாங்கி வைத்திருக்கிற வலி மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், நாயின் வயிறும் சிறுநீரகமும் போய்விடும்.

கருத்தடைக்கு அவசரப்பட வேண்டாம். கோல்டன் ரிட்ரீவர் நாய்களில் ஒரு வயதுக்கு முன்னால் கருத்தடை செய்தவற்றுக்கு மூட்டு நோய் கூடுதல் என்று கலிபோர்னியாவில் 2013-ல் கண்டிருக்கிறார்கள். பெண் நாய்க்கு ரொம்பத் தாமதித்தால் வேறு சிக்கல்கள் உண்டு. உங்கள் நாய்க்கு எப்போது என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். அம்மிணிக்குப் பதினாறு மாதத்தில் செய்தோம்.

உடம்பு ஆளாகும், புத்தி குட்டிதான்

எட்டு மாதத்தில் பார்க்கிறவர்களுக்கு அவள் பெரிய நாய். கேட்டுக்கு வந்தால் தபால்காரர் தள்ளி நிற்பார். ஆனால் "இரு" என்றால் இருக்கிறவள் திடீரென்று காது கேளாதவள் ஆனாள். ஆறில் இருந்து பதினெட்டு மாதம் வரைக்கும் நம் வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். பத்தாம் மாதம், தினமும் பார்க்கிற பச்சை நிற டிரம்மைப் பார்த்து ஒருநாள் பயந்து குரைத்தாள். இழுத்துக்கொண்டு போய்க் காட்டக் கூடாது. டிரம்முக்குப் பக்கத்தில் நான் சும்மா உட்கார்ந்து பூண்டு உரித்தேன். மூன்றாம் நாள் அவளே வந்து முகர்ந்துவிட்டுப் படுத்தாள். இந்த வயதில் அடித்தால் பெரிய உடம்பும் பயமும் சேர்ந்த நாய் ஒன்று உங்கள் முற்றத்தில் நிற்கும்.

ஆள் மேல் தாவுவதை மட்டும் மூன்று மாதத்திலேயே நிறுத்துங்கள். பத்துக் கிலோவில் செல்லமாகத் தெரிவது முப்பது கிலோவில் பாட்டாவைக் கீழே தள்ளிவிடும். தாவினால் திரும்பி நின்றுகொள்ள வேண்டும், நாலு காலும் தரையில் இருந்தால்தான் தடவல். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் கெடுத்தவர் வீட்டுக்காரர்தான், அதனால் ஒரு மாதம் அதிகமாயிற்று.

ஒன்றரை வயதில் உயரம் நின்றது. பிறகு நெஞ்சு அகன்றது, கழுத்து தடித்தது. இரண்டே கால் வயதுக்குப் பக்கத்தில் ஒருநாள் கவனித்தேன், பால்காரர் வந்தார், எழுந்து பார்த்தாள், தெரிந்த ஆள் என்று கண்டு மறுபடி படுத்தாள். அவ்வளவு நாள் குதித்துக்கொண்டிருந்தவள்.

அந்த வாரம் கடைசியாக ஒருமுறை எடை பார்க்கலாம் என்று ஷீட் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் மழை, இரண்டு பேரும் நனைந்துதான் போய்ச் சேர்ந்தோம். சொல்லாமலே தராசில் ஏறி உட்கார்ந்தாள். முப்பது கிலோ நானூறு. கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்து, "ஈரத்துக்குக் கழிக்கணுமா டீச்சரே" என்றார். நோட்டில் முப்பது என்று எழுதினேன்.